சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?

அம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும். வார்டுக்குள் இளம்பெண் ஒருவர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் கேஸ் ஷீட். நான் வேகமாக எழுந்து போய்க் கேட்டேன்: "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?"

அவர் நிமிர்ந்து பார்த்து, "நான்தாங்க டாக்டர், சொல்லுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அன்றைக்கு அது எத்தனையாவது தடவையோ.

என் அண்ணன் மகளே எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். கோட்டையும் ஸ்டெதாஸ்கோப்பையும் என் கண் பார்க்கத்தான் செய்தது. மொழியின் மேலும் பழி போட முடியாது. தமிழில் 'வருவார்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, 'டாக்டர்' அதைவிடப் பொது. மொழி காலியாக விட்டுவைத்த இடத்தில் ஓர் ஆணைக் கொண்டுவந்து உட்கார வைத்தது என் மனசுதான். இது போதாதென்று மறுநாள், ட்ரிப்ஸ் பாட்டிலைச் சரிபார்க்க வந்த, லேசாக நரை விழுந்த ஒருவரிடம் "டாக்டர், டிஸ்சார்ஜ் எப்போ?" என்று கேட்டேன். "நான் ஸ்டாஃப் நர்ஸ் சார்" என்று சிரித்தார்.

இந்த இரண்டு சொதப்பல்களும் நடக்க ஆளுக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்த ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சமூக உளவியலாளர்கள் நூறு வருடமாக நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஓர் ஆளைப் பார்த்ததும் மனசு செய்கிற முதல் வேலை, வகைபிரிப்பது. ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, நம்ம ஊரா வெளியூரா. இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்ல வரவில்லை. பஸ்ஸில் காக்கிச் சட்டையும் தோல் பையுமாக வருகிறவரிடம் "நீங்கதான் கண்டக்டரா?" என்று விசாரித்துவிட்டா சில்லறையை நீட்டுகிறோம்? வகைபிரிக்காமல் ஒரு நாளைக் கடத்த முடியாது. தொல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்த வகையோடு சேர்ந்து ஒரு மூட்டை எண்ணங்களும் கேட்காமலே வந்து இறங்கும்போது. பெண், வார்டு, இளம் வயது; சரி, சிஸ்டர். முடிந்தது.

வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922-ல் இந்த மூட்டைக்கு அச்சுக்கூடத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துவந்தார்: ஸ்டீரியோடைப். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கத்தை அமைப்பது பெரிய பாடு. அமைத்த பக்கத்தின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சில் ஈயத்தை உருக்கி ஊற்றினால், முழுப் பக்கமும் ஒரே தகடாகக் கிடைத்துவிடும். அதை வைத்து எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரு குறை உண்டு: தகட்டில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் அதை மட்டும் லேசில் பிடுங்கி மாற்ற முடியாது. லிப்மன் சொன்னது இதுதான்: நாம் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை, முடிவு செய்துவிட்டுப் பார்க்கிறோம். தமிழில் 'வார்ப்பு' என்றால் இந்தத் தகடு கண்முன் வருகிறது. இனி அப்படியே சொல்கிறேன்.

வார்ப்பு உருவாக நேரில் பழகியிருக்க வேண்டும் என்றுகூடக் கிடையாது. 1933-ல் கட்ஸ், பிரேலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 100 பேரிடம் பத்து இனத்தாரின் குணங்களைக் கேட்டார்கள். துருக்கியர் எப்படிப்பட்டவர்கள்? கொடூரமானவர்கள் என்று பலரும் எழுதினார்கள். அந்தக் காலத்துப் பிரின்ஸ்டன் பையன்களில் எத்தனை பேர் ஒரு துருக்கியரோடு உட்கார்ந்து டீ குடித்திருப்பார்கள்?

இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது, பேச்சில் நாம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால். வார்ப்பு என்பது ஓர் எண்ணம்: "அந்த ஆளுங்க வீட்டைச் சுத்தமா வச்சுக்க மாட்டாங்க." முன்வெறுப்பு என்பது உணர்வு: அவர்கள் மாடியில் குடிவந்தால் நமக்கு ஏதோ ஒவ்வாமல் இருப்பது. பாரபட்சம் என்பது செயல்: "இப்பத்தாங்க ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தோம்" என்று டு-லெட் பலகையைக் கழற்றாமலேயே சொல்லி அனுப்புவது. மூன்றும் பெரும்பாலும் கூட்டாக வரும். ஆனால் வந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

1930-களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் ஒரு சீன மாணவரோடும் அவர் மனைவியோடும் அமெரிக்காவைக் காரில் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே கடும் வெறுப்பு நிலவிய காலம். ஹோட்டலும் உணவகமுமாக மொத்தம் 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் "முடியாது" என்றார்கள். லாபியர் ஊர் திரும்பி, சில மாதம் கழித்து, அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார்: உங்கள் இடத்தில் சீனர்களை அனுமதிப்பீர்களா? பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்" என்று எழுதியிருந்தார்கள். 1934-ல் இதை வெளியிட்டார்.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கடிதத்தில் வந்தது 'சீனர்' என்ற சொல்; அதைப் படித்தவுடன் தகடு ஓடியது. கவுண்டரில் வந்து நின்றது நல்ல சட்டை போட்ட, சிரித்த முகமுள்ள, சரளமாக ஆங்கிலம் பேசுகிற இரண்டு பேர், கூடவே ஒரு வெள்ளைக்காரர். ஆளை முன்னால் வைத்துக்கொண்டு "போ" என்று சொல்வது கடிதத்தில் சொல்வதைப் போலச் சுலபமில்லை. நம் பக்கத்தில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. பேச்சில் "எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாதுங்க." வீட்டு வாடகை என்று வந்தால் முதல் கேள்வி "நீங்க சைவமா?"

சரி, வகைபிரித்தாயிற்று. அடுத்து, ஆள் எப்படி என்று ஒரு மொத்த அபிப்பிராயம் உருவாக வேண்டும். இதைச் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946-ல் ரொம்ப எளிய சோதனையில் பிடித்துக்காட்டினார். ஓர் ஆளைப் பற்றி ஏழு குணங்களை வாசித்தார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, அன்பானவர், உறுதியானவர், காரியம் தெரிந்தவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கும் அதே பட்டியல்தான், 'அன்பானவர்' மட்டும் 'பாசமற்றவர்' ஆனது. பிறகு இந்த ஆள் தாராள மனசுக்காரரா என்று கேட்டார். முதல் குழுவில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் 'ஆமாம்'. இரண்டாம் குழுவில் பத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தாராளத்தைப் பற்றிப் பட்டியலில் ஒரு வார்த்தை கிடையாது. மீதி ஆறு குணங்களும் கூட நிறம் மாறிவிட்டன: அன்பானவரின் அறிவு ஞானமாகத் தெரிந்தது, பாசமற்றவரின் அறிவு தந்திரமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் 'மரியாதையானவர்', 'முகத்தில் அடித்தாற்போல் பேசுபவர்' என்று மாற்றிப் பார்த்தபோது இவ்வளவு வித்தியாசம் வரவில்லை. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை இல்லை.

வரிசைக்கும் எடை உண்டு. அறிவாளி, உழைப்பாளி என்று தொடங்கிப் பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடித்தால் ஒரு படம். அதே சொற்களைக் கடைசியிலிருந்து வாசித்தால் அதைவிட மோசமான படம். கல்யாணத் தரகர்களுக்கு இதெல்லாம் ஆஷ் பிறப்பதற்கு முன்பே தெரியும். "பையன் அரசாங்க வேலை, கொஞ்சம் கோபக்காரன்" என்பார்களே தவிர, "பையன் கொஞ்சம் கோபக்காரன், அரசாங்க வேலை" என்று எந்தத் தரகரும் ஆரம்பித்து நான் கேட்டதில்லை.

ஒரு நல்ல குணம் பக்கத்துக் குணங்களுக்கும் வெளிச்சம் அடிப்பதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தபோது கவனித்தது. உடற்கட்டு நன்றாக இருப்பவருக்கு அறிவிலும் தலைமையிலும் குணத்திலும் கூட நல்ல மதிப்பெண் விழுந்திருந்தது. ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சொல்வதன் ராணுவப் பதிப்பு.

இதையெல்லாம்விட ஆபத்தான ஒன்று இருக்கிறது. ஒருவர் செய்த காரியத்துக்கு நாம் காரணம் கண்டுபிடிக்கும் விதம். நான் ஆபீசுக்குத் தாமதமாகப் போனால் காரணம் ரயில்வே கேட். புதிதாகச் சேர்ந்த பையன் தாமதமாக வந்தால் காரணம் அவனுடைய சோம்பல். அடுத்தவர் விஷயத்தில் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ஜோன்ஸ், ஹாரிஸ் இருவரும் 1967-ல் செய்த சோதனை இதை வேடிக்கையாகக் காட்டியது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்து ஒரு மாணவர் எழுதிய கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, "காஸ்ட்ரோவை ஆதரித்துத்தான் எழுதவேண்டும் என்று ஆசிரியர் கட்டளையிட்டார்" என்பதையும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் படித்தவர்கள், 'இவனுக்குக் காஸ்ட்ரோ மேல் கொஞ்சம் அபிமானம் இருக்கத்தான் செய்யும்' என்றே நினைத்தார்கள். பட்டிமன்றத்தில் தலைப்புக்கு ஏற்பப் பேசியவரை, வீட்டிலும் அப்படித்தான் என்று நாம் நம்புகிற மாதிரி.

இந்தப் பழக்கத்தோடு வார்ப்பு சேர்ந்துகொண்டால் நீதி இரண்டாகிவிடும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நம் ஆள் தப்பு செய்தால் 'பாவம், என்ன கஷ்டமோ'. அடுத்த கூட்டத்து ஆள் செய்தால் 'அவங்க புத்தியே அதுதான்'. அடுத்த கூட்டத்து ஆள் நல்லது செய்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறோம். "நீங்க மத்தவங்க மாதிரி இல்லைங்க." பாராட்டாகத்தான் சொல்கிறோம். அந்த ஒருவரை விதிவிலக்கு என்று தனியே எடுத்து வைத்துவிட்டால் தகடு கீறல் விழாமல் தப்பித்துவிடும். இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாராட்டின் ருசி தெரியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியை எல்லாரும் ஒரு முறையாவது தப்பான இடத்தில் பயன்படுத்தியிருப்போம். சோற்றுக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. மனிதர்களுக்கு அந்த நியாயம் ஒத்துவராது. ஆனாலும், நம் கூட்டத்துக்குள் வகைவகையான ஆட்கள் இருப்பது நமக்குத் தெரிகிறது, வெளிக் கூட்டம் மட்டும் ஒரே பானையாகத் தெரிகிறது. டெல்லியில் 'மதராஸி' என்றால் தென் மாநிலத்துக்காரர்கள் எல்லாரும் அதில் அடக்கம். அதைக் கேட்டு நமக்குச் சுருக்கென்று தைக்கும். இங்கே திருப்பூரிலோ சென்னையிலோ கட்டட வேலைக்கு வந்தவர் அசாமோ ஒடிசாவோ வங்காளமோ பிகாரோ, நமக்கு எல்லாரும் 'வடக்கன்'. ஒரே பேச்சு, ஒரே பான்பராக், ஒரே சந்தேகம்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் வீடியோக்கள் அவை. பயந்து பலர் ரயில் ஏறினார்கள். பிகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. தமிழ்நாடு போலீஸ் வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. ஏன் அவ்வளவு பேர் அந்த வீடியோக்களை நம்பினார்கள்? 'தமிழன் என்றாலே இந்திக்காரனைப் பிடிக்காதவன்' என்ற தகடு அங்கே தயாராக இருந்தது, மை தடவ வேண்டியதுதான் பாக்கி. நம்மைப் பற்றிய வார்ப்பு எவ்வளவு பொய் என்று கொதித்த பலர், அதே வாரம் டீக்கடையில் 'வடக்கனுங்க' என்று பேசிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

வார்ப்பு ஒருவர் மனசில் இருக்கும்வரை ஒரு வீடு, ஒரு வேலை அளவில் நிற்கும். அரசாங்கத்தின் கையில் கிடைத்தால்? இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, உசிலம்பட்டிப் பக்கம் போனால் போதும்.

1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை முதலில் வட இந்தியாவில் கொண்டுவந்தது. அதன் வாதம் இப்படிப் போனது: இந்த நாட்டில் தச்சர் மகன் தச்சர், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருட்டையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட சாதிகள் இருக்கும். ஒருவர் திருடினாரா என்பதே கேள்வியில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே போதும். 1911-ல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்கள் உள்ளிட்ட பல சமூகங்கள் பட்டியலில் ஏறின. வயதுவந்த ஆண்களின் கைரேகையைப் பதிந்தார்கள். மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். இரவில் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஊர் தாண்டிப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள்.

இந்தச் சட்டம் தன்னைத்தானே நிரூபித்துக்கொண்ட விதத்தைக் கவனியுங்கள். திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் போவது பதிவேட்டில் இருக்கிற ஊருக்கு. அங்கே தேடினால் அங்கேதான் யாராவது பிடிபடுவார்கள். ராத்திரி சீட்டில்லாமல் காடு பார்க்கப் போனாலே அதுவும் குற்றம். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் குற்றங்கள் எல்லாம் அந்தச் சாதிக் கணக்கில் நிற்கும். 'நாங்கள் சொன்னோமே!' தகடு தனக்கு வேண்டிய பக்கத்தைத் தானே அச்சடித்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது. அந்தச் சமூகங்களுக்குச் சீர்மரபினர் என்ற பெயர் வந்தது. சிறைக் கையேடுகளில் மட்டும் பழைய வாடை இருந்துகொண்டே இருந்தது. சாதியைப் பார்த்துச் சிறை வேலையைப் பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 2024 அக்டோபரில்தான்.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஈடானவை, பெயரில்தான் வித்தியாசம்: சில பெயர்கள் உயர்சாதி இந்து என்று காட்டின, சில தலித், சில முஸ்லிம். 2007-ல் வந்த முடிவு: நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பை ஒப்பிட்டபோது, உயர்சாதிப் பெயருக்கு ஒன்று என்றால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. விண்ணப்பத்தைப் பிரித்தவர்கள் யாரும் "சாதி பார்த்தேன்" என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பலருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. முன்னூறு காகிதங்களைப் புரட்டுகிறவரின் விரல் எந்தக் காகிதத்தில் அரை நொடி கூட நின்றது என்று விரலுக்கே தெரியாது.

இந்தச் சோதனையைத் தமிழ்நாட்டில் செய்வது கொஞ்சம் கஷ்டம் என்று தோன்றுகிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னது; இன்று நம் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்துதான். பெரிய விஷயம் அது, சந்தேகமில்லை. ஆனால் பெயர் வாயை மூடிக்கொண்டதால் கேள்விகள் முளைத்தன. எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? சின்ன வயசில் இதை அக்கறை என்று நினைத்திருந்தேன்.

முத்திரை குத்தப்பட்டவருக்கு உள்ளே என்ன ஆகிறது? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிப் பையன்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காசும் கொடுத்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் ஏறக்குறையச் சமமாகப் போட்டார்கள். எல்லார் முன்னாலும் ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் வாசித்துவிட்டுத் தொடங்கியபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே தாள், அதே வயசு. வருகைப் பதிவேட்டில் உதவித்தொகைக்காகச் சாதி வாரியாக எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறைகளில் படித்தவர்களுக்கு இந்த ஆய்வைப் படிக்கத் தேவையே இருக்காது.

இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்திய ஆசிரியர்களிடம் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்து, முகப்பில் மாணவரின் சாதியை மட்டும் மாற்றி மாற்றி எழுதினார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. குறைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. வார்ப்பு ஊர்க் காற்றில் இருக்கிறது. யாரைக் குறித்ததோ அவரும் அதே காற்றைத்தான் மூச்சிழுக்கிறார். அம்மாவின் வார்டில் அந்த டாக்டரை அதிகம் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டவர்கள் பெண்கள்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது? பல கம்பெனிகள் கண்டுபிடித்திருக்கும் வழி, ஊழியர்களை உட்கார வைத்து ஒரு நாள் பயிற்சி கொடுப்பது. உள்மனச் சாய்வை அளக்க 1990-களில் ஆண்டனி கிரீன்வால்டும், செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜியும், உடன் ஆய்வாளர்களும் ஒரு கணினிச் சோதனையை உருவாக்கினார்கள். முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் சேர்த்து விசை அழுத்த வேண்டும். எந்தச் சேர்க்கைக்கு விரல் வேகமாகப் போகிறது என்று மில்லிசெகண்டில் அளப்பார்கள். செய்து பார்த்தால் நம்மைப் பற்றி நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் அதே ஆள் அடுத்த வாரம் செய்தால் எண் மாறிவிடுகிறது. அந்த எண்ணை வைத்து ஒருவர் நிஜத்தில் எப்படி நடப்பார் என்று சொல்வதும் நம்பகமாக இல்லை. இந்தச் சாய்வைக் குறைக்கும் என்று பெயர் வாங்கிய ஒன்பது முறைகளை 2016-ல் ஓர் ஆய்வு திரும்பச் சோதித்தது. உடனே குறைந்தது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ பழையபடி ஆகிவிட்டது. பயிற்சி வகுப்பில் கொடுக்கிற பப்ஸ் அதைவிட நேரம் வயிற்றில் நிற்கும்.

எனக்கு நம்பிக்கை இருப்பது மனசைத் திருத்துவதில் இல்லை, மனசுக்கு வேலை கொடுக்காமல் விடுவதில். நம் பொதுத்தேர்வு விடைத்தாள்களில் டம்மி நம்பர் போட்ட வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். பதிவெண்ணைக் கிழித்து எடுத்துவிட்டு வேறொரு எண். திருத்துகிறவருக்கு மாணவர் யார், எந்தப் பள்ளி, எந்த ஊர் எதுவும் தெரியாது. ஆசிரியர்களை யாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை; நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாடு. வேலை நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடச் சொல்வதும் இதே ரகம். 'பார்த்தவுடனே தெரிஞ்சிடுச்சு, இவன்தான் சரியான ஆள்' என்று பெருமைப்படும் மேலாளர்களுக்கு இது பிடிக்காது.

வார்ப்பை எதிர்த்து நிஜ ஆளை நிறுத்துவது இன்னொரு வழி. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் குறைந்தது மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று ஆனது அல்லவா? மேற்கு வங்கத்தில் எந்தப் பஞ்சாயத்து பெண்ணுக்குப் போகும் என்பது குலுக்கல் மாதிரி அமைந்ததால் ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. தலைவர் ஒருவர் பேசுவதாக ஒரே பேச்சைச் சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டு, எப்படி என்று கேட்டார்கள். பெண் தலைவரையே பார்க்காத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைவரோடு காலம் தள்ளிய ஊர்களில் அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. ஆனால் 'பெண் தலைவர் இருப்பது பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால் ஆண்களின் முகச்சுளிப்பு பழையபடிதான். பிடிக்காது, ஆனால் வேலை தெரிந்தவர் என்று ஒத்துக்கொள்வார்கள். வார்ப்பும் முன்வெறுப்பும் வேறு வேறு என்று சொன்னேன் அல்லவா.

கலந்து பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. எப்படிக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. மாட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்கள் 1,261 பேரை வைத்து ஒரு கிரிக்கெட் ஆய்வு நடத்தினார். சிலரைக் கலப்பு அணிகளில் போட்டார், சிலரை ஒரே சாதி அணிகளில். சிலரை ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை. ஒரே அணியில் வேறு சாதிக்காரரோடு ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நண்பர்கள் கூடினார்கள், பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது தன் சாதி என்று சாய்வதும் குறைந்தது. வேறு சாதிக்காரர் எதிரணியில் மட்டும் இருந்தால் பொதுவாக நடந்தது இதற்கு நேரெதிர்.

எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் கிரிக்கெட் டோர்னமெண்ட் உண்டு. அணிகள் எப்போதும் தெருவாரியாகத்தான். தெரு என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன தடவை கமிட்டிக் கூட்டத்தில், எல்லார் பெயரையும் சீட்டு எழுதிப் போட்டு அணி பிரிக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் கோபப்படவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "அதெல்லாம் நல்ல யோசனைதாம்ப்பா. ஆனா கோப்பையில எந்தத் தெரு பேரை எழுதுறது?"